பென்சில் கரியில் ஓர் ஆன்டெனா

ஆன்டெனாவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு காலத்தில் வீட்டுக் கூரைகளில் மீன் முள்ளைப் போல அலுமினியக் கம்பிகள் நின்றன. அது டி.வி. ஆன்டெனா. ரேடியோப் பெட்டியில் இழுத்தால் நீளும் கம்பியும் ஆன்டெனாதான். ஊருக்கு வெளியே நிற்கும் செல்போன் டவரின் உச்சியில் நீளப் பெட்டிகள் தொங்குகின்றன. அவற்றுக்குள்ளும் ஆன்டெனாக்களே இருக்கின்றன.

உங்கள் செல்போனிலும் ஆன்டெனா உண்டு. ஒன்றல்ல, பல. ஆனால் வெளியே தெரியாது. உறைக்குள் மெல்லிய உலோகப் பட்டையாக ஒளிந்திருக்கிறது.

கூரை மேல் நின்ற ஆன்டெனா சட்டைப்பைக்குள் எப்படி வந்தது? இன்னும் எவ்வளவு சிறிதாகும்? தலைமுடியின் கனத்தை விடச் சிறிய ஆன்டெனாவை உருவாக்க விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் வெகு சாதாரணமானது. பென்சிலின் நடுவே இருக்கும் கரி. அந்தக் கதையைப் பார்ப்போம்.

அலையும் ஆன்டெனாவும்

குளத்தில் கல்லை எறிந்தால் அலை எழும். வட்டம் வட்டமாகப் பரவும். அடுத்தடுத்த இரண்டு அலை முகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அலைநீளம் என்கிறோம். ஒரு நொடியில் எத்தனை அலைகள் நம்மைக் கடந்து போகின்றனவோ, அதற்கு அலைவு எண் என்று பெயர்.

ரேடியோ, டி.வி., செல்போன் எல்லாம் வானலைகளால் வேலை செய்கின்றன. இவை கண்ணுக்குத் தெரியாத அலைகள். ஒளியின் வேகத்தில் ஓடுபவை. ஒரு நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர்! எல்லா வானலைகளுக்கும் காற்றில் ஏறக்குறைய இதே வேகம்தான்.

வேகம் மாறாது. அப்படியானால் ஒரு நொடியில் அதிக அலைகள் வர வேண்டும் என்றால் என்ன ஆகும்? ஒவ்வொரு அலையும் குட்டையாக இருந்தாக வேண்டும். அலைவு எண் கூடினால் அலைநீளம் குறையும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நொடிக்கு ஓர் அலை என்றால் அது 1 ஹெர்ட்ஸ். 10 லட்சம் அலை என்றால் 1 மெகாஹெர்ட்ஸ். 100 கோடி அலை என்றால் 1 கிகாஹெர்ட்ஸ். லட்சம் கோடி அலை என்றால் 1 டெராஹெர்ட்ஸ்.

இப்போது கணக்கைப் பாருங்கள்:

மத்திய அலை ரேடியோ, 1 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 300 மீட்டர்.
எஃப்.எம். ரேடியோ, 100 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 3 மீட்டர்.
செல்போன், 900 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 33 சென்டிமீட்டர்.
வைஃபை, 2.4 கிகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 12.5 சென்டிமீட்டர்.
டெராஹெர்ட்ஸ் அலை, 1 டெராஹெர்ட்ஸ்: அலைநீளம் 0.3 மில்லிமீட்டர்.

ஆன்டெனாவின் அளவு அலையின் அளவைப் பொறுத்தது. சாதாரணக் கம்பி ஆன்டெனா அலைநீளத்தில் பாதியோ கால் பங்கோ இருந்தால் நன்றாக வேலை செய்யும். எஃப்.எம். அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு முக்கால் மீட்டர். பல ரேடியோப் பெட்டிகளில் கம்பியை முழுதாக இழுத்தால் ஏறக்குறைய அந்த அளவுதான் வரும்.

இது ஏன்? தம்புராவை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான தந்தி தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். குட்டையான தந்தி உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். ஒவ்வொரு நீளத்துக்கும் சொந்தமான ஒரு சுருதி உண்டு. ஆன்டெனாவும் அப்படித்தான். அதற்குள் எலக்ட்ரான்கள் என்ற மிகச் சிறிய மின் துகள்கள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. கம்பியின் நீளமும் அலையின் நீளமும் பொருந்தினால் அந்த ஓட்டம் பலமாக இருக்கும். பொருந்தாவிட்டால் அலை வந்து போவதே தெரியாது.

ஏன் இன்னும் குட்டையான அலை?

இருக்கிற அலைகள் போதாதா? பேச்சுக்கும் பாட்டுக்கும் போதும். ஆனால் இன்று படம், சினிமா, மருத்துவமனை ஸ்கேன், கணினிக் கணக்கு எல்லாமே வானலையில் போகின்றன. பாதை ஒன்றுதான். வண்டிகளோ பெருகிவிட்டன. நெரிசல் ஏற்படுகிறது.

எஃப்.எம். ரேடியோவுக்கு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது. மொத்தம் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பாதை. ஒரு நகரத்தின் எல்லா எஃப்.எம். நிலையங்களும் அதற்குள்தான் ஓட வேண்டும்.

டெராஹெர்ட்ஸ் பகுதியோ பரந்த மைதானம் போன்றது. 0.1 முதல் 10 டெராஹெர்ட்ஸ் வரை அதன் எல்லை என்று சொல்வார்கள். 2019-ஆம் ஆண்டில் உலக வானொலி மாநாடு கூடியது. 275 முதல் 450 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் 137 கிகாஹெர்ட்ஸ் அகலத்தைத் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று அது அடையாளம் காட்டியது. எஃப்.எம். பாதையை விட இது 6,000 மடங்குக்கும் மேல் அகலம்!

பாதை அகலமானால் போக்குவரத்து கூடும். 2017-இல் வகுக்கப்பட்ட ஒரு தொழில்நுட்ப விதிமுறை, 300 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளில் நொடிக்கு 100 கிகாபிட் வரை அனுப்ப வழி சொல்கிறது. ஒரு முழு சினிமா சுமார் 40 கிகாபிட் இருக்கலாம். அந்த வேகத்தில் அரை நொடிக்குள் அது போய்ச் சேர்ந்துவிடும்.

கல்கத்தாவில் மணி அடித்தது

குட்டை அலைகளின் கதையில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு.

1895-ஆம் ஆண்டு கல்கத்தா டவுன் ஹாலில் பலர் கூடியிருந்தார்கள். ஜகதீச சந்திர போஸ் ஒரு சோதனையைச் செய்து காட்டினார். அவர் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர். ஓர் இடத்திலிருந்து அவர் அலையை அனுப்பினார். கம்பி இணைப்பு எதுவும் இல்லை. சுவரைத் தாண்டி வேறோர் அறையில் மணி அடித்தது. கொஞ்சம் வெடிமருந்தும் வெடித்தது. கூட்டம் வியந்து போனது.

அந்த ஆண்டுகளில் போஸ் ஆராய்ந்த அலைகள் மிகவும் குட்டையானவை. 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலை வரை அவர் உண்டாக்கினார். அதாவது 60 கிகாஹெர்ட்ஸ். இதற்கான கருவிகள் எந்தக் கடையிலும் கிடைக்காது. கொம்பு வடிவ ஆன்டெனா முதல் எல்லாவற்றையும் அவரே உருவாக்கிக்கொண்டார். வங்காளத்தின் சணலைக்கூட அவர் விடவில்லை. முறுக்கிய சணல் நாரின் வழியே அலையைச் செலுத்தி, அலை அதிரும் திசை திரும்புவதைக் காட்டினார். 1897-இல் லண்டனில் இந்தச் சோதனைகளைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார்.

பிறகு உலகம் வேறு பக்கம் போயிற்று. கடல் கடந்து செய்தி அனுப்ப நீண்ட அலைகளே ஏற்றவை. அவை வெகுதூரம் போகும். அதனால் எல்லோரும் நீண்ட அலைகளையே நாடினார்கள். போஸின் குட்டை அலைகள் பல பத்தாண்டுகள் ஒதுங்கி நின்றன. இன்று நெரிசல் நம்மை மறுபடியும் குட்டை அலைகளிடம் அழைத்து வந்திருக்கிறது.

சிக்கல் எங்கே?

1 டெராஹெர்ட்ஸ் அலையின் நீளம் 0.3 மில்லிமீட்டர். அதற்கான உலோக ஆன்டெனா 0.15 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதைத் தங்கத்தில் செய்யலாம். செம்பில் செய்யலாம். அவ்வளவு சிறிதாக வெட்டும் வித்தை மனிதனுக்குத் தெரியும். பிறகு என்ன சிக்கல்?

வெட்டியது வெட்டியதுதான். நீளத்தை மாற்ற முடியாது. நீளம் மாறாவிட்டால் சுருதியும் மாறாது.

சுருதியை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் காற்றில் இருக்கிறது. காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. அந்த நீராவி சில டெராஹெர்ட்ஸ் அலைகளை அப்படியே விழுங்கிவிடும். 557 கிகாஹெர்ட்ஸில் அனுப்பினால் ஈரக் காற்று அதை வெகு சீக்கிரம் குடித்துவிடும். 300 கிகாஹெர்ட்ஸை ஒட்டி அனுப்பினால் அவ்வளவு குடிக்காது. ஆக, காற்றில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. சில கதவுகள் மூடியிருக்கின்றன. தூரம் கூடினால், ஈரம் கூடினால், திறந்த கதவும் ஒடுங்கிப் போகும். மழைக்காலத்து மும்பைக் காற்றும் கோடைகாலத்து ராஜஸ்தான் பாலைவனக் காற்றும் ஒன்றல்ல. காலையும் மதியமும்கூட ஒன்றல்ல. எந்தக் கதவு நன்றாகத் திறந்திருக்கிறதோ அதற்கு மாறிக்கொள்ளும் ஆன்டெனா இருந்தால் நல்லது.

சாதாரண ரேடியோவில் குமிழைத் திருகி நிலையத்தை மாற்றுகிறோம். பெட்டிக்குள் இருக்கும் ஓர் உறுப்பு அந்த வேலையைச் செய்கிறது. செல்போனில் மிகச் சிறிய மின் சாதனங்கள் அதைச் செய்கின்றன. டெராஹெர்ட்ஸ் வேகத்துக்கு வந்தால் அந்தச் சாதனங்கள் தடுமாறுகின்றன. அலையின் ஆற்றலை அவையே தின்றுவிடுகின்றன.

எனவே விஞ்ஞானிகள் வேறு விதமாக யோசித்தார்கள். பக்கத்தில் ஒரு குமிழை வைக்க முடியாவிட்டால் என்ன? ஆன்டெனா செய்யும் பொருளே தன் குணத்தை மாற்றிக்கொள்ள முடியுமா? அப்படி ஒரு பொருள் உண்டா?

ஒட்டும் டேப்பும் பென்சில் கரியும்

உண்டு. அதன் பெயர் கிராஃபீன்.

பென்சிலின் நடுவே இருக்கும் கரிக்கு கிராஃபைட் என்று பெயர். அது கார்பன் அணுக்களால் ஆனது. சீட்டுக்கட்டைப் போல அடுக்கு அடுக்காக இருக்கும். பென்சிலால் எழுதும்போது சில அடுக்குகள் உரிந்து காகிதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அதைத்தான் எழுத்து என்கிறோம். 1 மில்லிமீட்டர் கனமுள்ள கிராஃபைட்டில் சுமார் 30 லட்சம் அடுக்குகள் இருக்கும்.

அந்த அடுக்குகளில் ஒன்றே ஒன்றை மட்டும் உரித்து எடுத்தால் அது கிராஃபீன். ஓர் அணுவின் கனம்தான் இருக்கும். அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல ஆறு பக்கக் கட்டங்களாகக் கை கோத்து நிற்கும்.

2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகிய இருவரும் தம் குழுவினரோடு இதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய கருவி என்ன தெரியுமா? பார்சல் ஒட்டுகிற டேப்! கிராஃபைட் துண்டின் மேல் டேப்பை ஒட்டினார்கள். உரித்தார்கள். உரித்ததை மறுபடி மறுபடி ஒட்டி உரித்தார்கள். கடைசியில் ஓர் அடுக்கு மட்டும் கிடைத்தது. 2010-இல் இருவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கிராஃபீனில் மின்சாரம் நன்றாக ஓடும். அதில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை நாம் விரும்பியபடி கூட்டலாம், குறைக்கலாம். நமக்கு வேண்டியது இந்தக் குணம்தான்.

உலோகத்தில் இது முடியாதா? கடலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுங்கள். நீர்மட்டம் ஏறுமா? ஏறாது. அதே தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றினால் விளிம்பு வரை வந்துவிடும். உலோகத்தில் எலக்ட்ரான்கள் கடலைப் போல நிறைந்திருக்கின்றன. கொஞ்சம் சேர்த்தாலும் எதுவும் மாறாது. கிராஃபீன் தாம்பாளத்தைப் போன்றது. ஓர் அணு கனம்தானே! கொஞ்சம் சேர்த்தாலே அதன் குணம் மாறிவிடும்.

சுருதி கூட்டுவது எப்படி?

இப்போது ஆன்டெனாவைக் கட்டிப் பார்ப்போம். அது ஓர் அடுக்குப் பலகாரம் போல இருக்கும்.

அடியில் சிலிக்கான் தகடு. அதன் மேல் மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய படலம். அந்தப் படலத்தின் மேல் சிறு பட்டையாக வெட்டிய கிராஃபீன். அடித் தகட்டையும் கிராஃபீனையும் ஒரு மின்கலத்தோடு இணைக்கிறோம்.

தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொடாமலே இழுக்கும். அது மின் ஈர்ப்பு. இங்கேயும் அதுதான் நடக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் அடித் தகடு எலக்ட்ரான்களை ஈர்க்கும். நடுவில் இருக்கும் படலத்தை அவை தாண்ட முடியாது. அதனால் கிராஃபீனிலேயே வந்து சேர்ந்து நிற்கும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் அதிகமாகச் சேரும். நடுப் படலம் மிக மெல்லியதாக இருந்தால் சில வோல்ட்டே போதும்.

எலக்ட்ரான்கள் கூடினால் ஆன்டெனாவின் சுருதி ஏறும். குறைந்தால் சுருதி இறங்கும். தம்புராவில் தந்தியை வெட்டாமலே சுருதியை மாற்றுகிறோம் அல்லவா? பிரடையை முறுக்கினால் போதும். கிராஃபீன் ஆன்டெனாவின் பிரடை மின்னழுத்தம்தான். கையால் முறுக்க வேண்டாம். அசையும் உறுப்பும் இல்லை. நொடியின் மிகச் சிறு பங்குக்குள் சுருதி மாறிவிடும்.

இன்னொரு வியப்பும் இருக்கிறது. கடல் அலையைக் கரையில் நின்று கவனியுங்கள். ஆழ்கடலில் அலைகள் விலகி விலகி வரும். கரையை நெருங்கும்போது வேகம் குறையும். அலைகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். அலைநீளம் சுருங்கிவிட்டது என்று பொருள். டெராஹெர்ட்ஸ் அலை கிராஃபீன் மேல் வரும்போதும் இப்படியே நடக்கிறது. எலக்ட்ரான்களோடு சேர்ந்து அது மெதுவாக ஊர்கிறது. அதன் நீளம் பல மடங்கு சுருங்குகிறது.

அலை சுருங்கினால் ஆன்டெனாவும் சிறிதாகலாம். அமெரிக்காவில் யோசெப் ஜோர்னெட், இயான் அக்யில்டிஸ் ஆகிய இருவரும் இந்தக் கணக்கைப் போட்டார்கள். 2013-இல் வெளியான அவர்களின் ஆய்வின்படி, 1 மைக்ரோமீட்டர் நீளமுள்ள கிராஃபீன் ஆன்டெனாவே டெராஹெர்ட்ஸ் பகுதியில் வேலை செய்யும். 1 மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் 1 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் கனமே 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும்!

வடிவமைப்பவர் என்ன செய்கிறார்?

ஆன்டெனாவை வடிவமைப்பவர் முதலில் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார். எந்த அலைவு எண்ணிலிருந்து எது வரை சுருதி மாற வேண்டும்? எவ்வளவு தூரம் போக வேண்டும்? எந்தத் திசையில் போக வேண்டும்?

பிறகு கிராஃபீன் பட்டையின் நீளத்தையும் அகலத்தையும் தீர்மானிக்கிறார். அடிப்படலம் எந்தப் பொருள், எவ்வளவு கனம் என்று முடிவு செய்கிறார். எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்கலாம் என்று பார்க்கிறார். அளவுக்கு மீறினால் நடுப் படலம் பொத்துப் போகும். இவ்வளவையும் கணினியில் போட்டுச் சோதிக்கிறார். நீளத்தைக் கொஞ்சம் மாற்றுகிறார். மறுபடி சோதிக்கிறார். தச்சர் கதவைச் செதுக்கிச் செதுக்கிப் பொருத்துவதைப் போன்ற வேலை இது.

அதன் பிறகே செய்முறை. டேப்பால் உரித்த துணுக்கு ஆய்வுக்குப் போதும். பெரிய அளவில் வேண்டுமானால் வேறு வழி உண்டு. செம்புத் தகட்டைச் சுமார் 1,000 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். அதன் மேல் மீத்தேன் வாயுவைச் செலுத்துகிறார்கள். சாண எரிவாயுவில் இருக்கிறதே, அதே மீத்தேன்தான். சூட்டில் மீத்தேன் பிரிந்து, அதிலுள்ள கார்பன் செம்பின் மேல் படிந்து கிராஃபீன் ஆகிறது. அதைப் பக்குவமாக எடுத்துச் சிலிக்கான் மேல் படர விட வேண்டும். இந்த இடம்தான் கடினம். படலம் கிழியும். சுருங்கும். அழுக்கு ஒட்டும். பிறகு மின்சாரம் சரியாக ஓடாது.

கணினியில் அழகாக வேலை செய்த பல ஆன்டெனாக்கள் சோதனை மேசையில் சோர்ந்து போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குறை இல்லாத பொருள் உண்டா?

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது விளம்பரம் ஆகிவிடும். குறைகளையும் பார்ப்போம்.

முதல் குறை, இழப்பு. கிராஃபீனில் ஓடும் எலக்ட்ரான்கள் வழியில் மோதிக்கொள்கின்றன. ஆற்றலில் பெரும் பங்கு சூடாகிப் போகிறது. வெளியே அலையாகப் போவது சிறு பங்குதான். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பது போன்ற நிலை. இதைச் சமாளிக்க ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஆன்டெனா முழுவதையும் கிராஃபீனில் செய்யாமல், அலையை வீசும் பகுதியை உலோகத்தில் செய்கிறார்கள். சுருதி மாற்றும் இடத்தில் மட்டும் கிராஃபீனை வைக்கிறார்கள். தந்தி உலோகம், பிரடை கிராஃபீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு குறையும். ஆனால் சுருதி மாறும் எல்லையும் குறையும். ஒன்றைப் பெற்றால் ஒன்றை விட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது குறை, தூரம். ஆன்டெனா சிறிதானால் அது பிடிக்கும் அலையும் குறைவு. சிறு வலையில் சிறிதளவு மீன்தானே விழும்? ஒரே வகை ஆன்டெனாவை வைத்துக்கொண்டு அலைவு எண்ணைப் பத்து மடங்கு ஆக்கினால், மறுமுனையில் கிடைக்கும் ஆற்றல் நூறில் ஒரு பங்காகிவிடும். நீராவி வேறு குடிக்கிறது. சுவரும் தடுக்கிறது. மனித உடம்பு குறுக்கே வந்தாலும் அலை நின்றுவிடும்.

இதற்கும் ஒரு வழி உண்டு. ஒற்றை ஆள் இழுக்க முடியாத தேரை ஊர் கூடி இழுக்கிறதே, அதுதான் வழி. அலைநீளத்தில் பாதி இடைவெளி விட்டு உலோக ஆன்டெனாக்களை வைத்தால்கூட, 1 டெராஹெர்ட்ஸுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 4,000-க்கும் மேல் வைக்கலாம். ஆன்டெனாக்கள் ஒன்று சேர்ந்து அலையை ஒரே திசையில் டார்ச் விளக்கைப் போலக் குவிக்கும். கிராஃபீன் துணுக்குகளுக்கு வேறு வேறு மின்னழுத்தம் கொடுத்தால் அந்த ஒளிக்கற்றை போன்ற அலையைப் பக்கவாட்டில் திருப்பவும் முடியும். யாரும் கையால் திருப்ப வேண்டாம். ஆள் நகர்ந்தால் அலையும் பின்தொடரும்.

இந்த வழிகள் எல்லாம் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டு வருகின்றன. கிராஃபீன் ஆன்டெனா பொருத்திய டெராஹெர்ட்ஸ் செல்போன் இன்னும் கடைக்கு வரவில்லை.

உடம்புக்குக் கெடுதலா?

புது அலை என்றதும் பலருக்கு இந்தப் பயம் வருகிறது. கேட்க வேண்டிய கேள்விதான்.

எக்ஸ்ரே கதிருக்கு நம் உடலின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கும் பலம் உண்டு. அதனால்தான் தேவையில்லாமல் எக்ஸ்ரே எடுக்கக் கூடாது என்கிறோம். டெராஹெர்ட்ஸ் அலைக்கு அந்தப் பலம் கிடையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடவும் அது பலம் குறைந்தது. உடம்பின் மேல் பட்டால் தோலின் மேற்பகுதியிலேயே நின்றுவிடும். காரணம், நம் தோலில் இருக்கும் நீர்.

ஆனால் அளவுக்கு அதிகமான சக்தியோடு வந்தால் தோலும் கண்ணும் சூடாகும். எனவே எவ்வளவு சக்தி வரை போகலாம் என்று எல்லை வகுப்பது அவசியம். அந்த எல்லையைச் சாதனம் செய்பவர்கள் மதிக்கிறார்களா என்று சோதிப்பதும் அவசியம். வதந்தியை நம்பிப் பயப்படவும் வேண்டாம். கேள்வி கேட்காமல் இருக்கவும் வேண்டாம்.

நமக்கு என்ன பயன்?

டெராஹெர்ட்ஸ் அலை ஓர் அறைக்குள் பயன்படும். சிறிது தூரத்தில் எதிரெதிரே நிற்கும் இரண்டு டவர்களுக்கு இடையே பயன்படும். பெரிய கணினி நிலையங்களில் கம்பிக் கட்டுகளுக்குப் பதிலாகப் பயன்படலாம். கணினிச் சில்லுக்கு உள்ளேயே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் செய்தி அனுப்பலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உணர்கருவிகள் ஒன்றோடு ஒன்று பேசவும் உதவலாம். ஜோர்னெட்டும் அக்யில்டிஸும் 1 மைக்ரோமீட்டர் ஆன்டெனாவை இதற்காகத்தான் யோசித்தார்கள்.

அது பயன்படாத இடமும் உண்டு. பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்துக்கு ஒரே டவரிலிருந்து சிக்னல் கொடுக்க இந்த அலையால் முடியாது. அதற்கு நீண்ட அலைகள் வேண்டும். ஊர் வரை பூமிக்கடியில் கண்ணாடி இழைக் கேபிள் வர வேண்டும். "புது அலை வந்துவிட்டால் எல்லாக் கிராமத்துக்கும் தானாக இணையம் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால், அலைநீளக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கேபிளும் டவரும் எப்போது வரும் என்று கேட்கும் உரிமையை விட்டுவிடாதீர்கள்.

நம் நாட்டிலும் இதற்கான ஏற்பாடுகள் தொடங்கியிருக்கின்றன. 2022 அக்டோபரில் இந்தியாவில் ஐந்தாம் தலைமுறை செல்போன் சேவை தொடங்கியது. 2023 மார்ச்சில் ஆறாம் தலைமுறைக்கான தொலைநோக்கு ஆவணத்தை மத்திய அரசு வெளியிட்டது. 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரை செய்தது. 95 கிகாஹெர்ட்ஸ் முதல் 3 டெராஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் சோதனை நடத்த எளிய முறையில் அனுமதி தரலாம் என்பது அந்தப் பரிந்துரை.

இது முக்கியமான செய்தி. சோதனை செய்ய அனுமதி இருந்தால்தான் நம் கல்லூரி மாணவர்களும் சிறு நிறுவனங்களும் இந்தத் துறையில் கை வைக்க முடியும். நம் ஈரக் காற்றில் எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்தக் கதவு மூடியிருக்கிறது என்பதை வேறு நாட்டின் வறண்ட ஊரிலிருந்து கொண்டு முழுவதும் சொல்லிவிட முடியாது. நம் மழையில், நம் வெயிலில் அளந்து பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் பிறர் செய்த கருவியை விலை கொடுத்து வாங்குவதோடு நின்றுவிட மாட்டோம். நமக்கு ஏற்ற கருவியை நாமே செய்வோம்.

போஸ் கொம்பு ஆன்டெனாவைச் செய்தது கல்கத்தாவில். கிராஃபீன் முதலில் உரிந்து வந்தது ஒட்டும் டேப்பில். பெரிய விஷயங்கள் எளிய பொருள்களிலிருந்தும் பிறக்கும். அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பென்சிலைச் சீவும்போது கையில் ஒட்டும் கரியை ஒரு நிமிடம் பாருங்கள். அதற்குள் லட்சக்கணக்கான அடுக்குகள் இருக்கின்றன என்று பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

யோசித்துப் பாருங்கள்

1. அலைவு எண் கூடினால் அலைநீளம் ஏன் குறைகிறது?
2. உலோக ஆன்டெனாவால் முடியாத எதைக் கிராஃபீன் ஆன்டெனா செய்கிறது?
3. உங்கள் ஊரில் எந்த மாதங்களில் காற்றில் ஈரம் அதிகம்? அப்போது டெராஹெர்ட்ஸ் அலை வெகுதூரம் போகுமா?
4. உங்கள் ஊராட்சிக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்திருக்கிறதா? கிராம சபையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சொல்லும் பொருளும்

அலைநீளம்: அடுத்தடுத்த இரண்டு அலை முகடுகளுக்கு இடையே உள்ள தூரம்.
அலைவு எண்: ஒரு நொடியில் கடந்து போகும் அலைகளின் எண்ணிக்கை.
டெராஹெர்ட்ஸ்: ஒரு நொடிக்கு லட்சம் கோடி அலைகள்.
கிராஃபீன்: ஓர் அணு கனமுள்ள கார்பன் படலம்.
மைக்ரோமீட்டர்: ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.
பிரடை: தம்புரா, வீணை ஆகியவற்றில் தந்தியை முறுக்கும் ஆணி.